கணிதத்திலிருந்து பொருளியலுக்கு: எங்கே விண்ணப்பிப்பது?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

இரண்டாம் ஆண்டில் இருக்கும் நாம் பலரும் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம். பட்டத்துக்குப் பிறகு என்ன? கணிதம் படித்தவர்க்கு எம்.எஸ்ஸி., பி.எட்., போட்டித் தேர்வு என்னும் மூன்று பாதைகளே நம் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படுகின்றன. நான்காவதாக ஒரு பாதையும் உண்டு. அது கணிதத்தில் பட்டம் பெற்று, முதுகலையில் பொருளியலுக்கு மாறுவது. அவ்வாறு மாற எண்ணுவோர் எங்கெங்கே விண்ணப்பிக்கலாம், எதை வைத்து அதை முடிவு செய்யலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் தேவைக்காகத் தேடிச் சேர்த்த செய்திகள் பிறர்க்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மாறுவது தகுமா?

மூன்றாண்டு படித்த பாடத்தை விட்டு ஓடுவதா என்று சிலர் கேட்கலாம். பொருளியலின் வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது. பொருளியலுக்கான நோபல் பரிசு 1969-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற இருவருள் ஒருவரான டின்பர்கன், இயற்பியலில் ஆய்வு செய்து முனைவரானவர். 1972-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட கென்னத் ஆரோ, நியூயார்க் நகரக் கல்லூரியில் கணிதத்தை முதன்மைப் பாடமாகப் படித்தவர். அந்நாளில் அது கட்டணம் வாங்காத கல்லூரி. நம் நாட்டின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வடிவம் தந்த மகலனோபிஸும் இயற்பியல் பேராசிரியரே.

நம் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் கையில் 100 ரூபாய் இருக்கிறது. வாங்க வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்றின் விலை 2 ரூபாய், மற்றதன் விலை 5 ரூபாய். இரண்டின் அளவுகளையும் பெருக்கி வரும் எண்ணே அக்குடும்பத்தின் மனநிறைவு என்று கொள்வோம். லக்ராஞ்சியின் பெருக்கி முறைப்படி முதற்பொருளில் 25, இரண்டாவதில் 10 வாங்கினால் மனநிறைவு மிகுதியாகும். அதன் அளவு 250. பெருக்கியாகிய லாம்டாவின் மதிப்பு 5.

கணித வகுப்பில் லாம்டா ஒரு துணைக் குறி மட்டுமே. விடை கிடைத்ததும் அதை மறந்துவிடுகிறோம். பொருளியலில் அதற்குத்தான் பொருள் மிகுதி. கையில் இன்னும் ஒரு ரூபாய் இருந்தால் மனநிறைவு ஏறத்தாழ 5 அலகு கூடும் என்று அது சொல்கிறது. 101 ரூபாய்க்குக் கணக்கிட்டுப் பாருங்கள்; 255.025 வரும். ஒரு கூடுதல் ரூபாய் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதை அளக்கும் கோல் நம் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது!

இவ்வாறே அணிகளைக் கொண்டு தொழில்களுக்கிடையேயான கொடுக்கல் வாங்கலை லியோன்டிப் கணக்கிட்டார். துணைப்பாடமான புள்ளியியல், பொருளியல் அளவையியலுக்கு அடிப்படை. ஆகவே நம் கையில் முதல் இருக்கிறது. இல்லாதவை பேரினப் பொருளியலும் இந்தியப் பொருளாதார அறிவுமே.

மூன்று அளவுகோல்கள்

நிற்க. புகழ்பெற்ற பெயர் என்பதற்காக ஓரிடத்துக்கு விண்ணப்பிப்பது நம்மைப் போன்றோர்க்கு ஏற்றதன்று. நுழைவில் எதைக் கேட்கிறார்கள்? இரண்டாண்டு முழுவதற்கும் என்ன செலவாகும்? உள்ளே எந்த வகைப் பொருளியலைக் கற்பிக்கிறார்கள்? இம்மூன்றையும் கேட்க வேண்டும்.

முதற்கேள்வியை வைத்துப் பார்த்தால் கணித மாணவர்க்கு நெருக்கமானது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். 1931-இல் மகலனோபிஸ் நிறுவிய இதன் அளவுசார் பொருளியல் முதுநிலைப் படிப்பு கொல்கத்தாவிலும் டில்லியிலும் நடைபெறுகிறது. நுழைவுத் தேர்வின் ஒரு தாள் கணிதம், மற்றது பொருளியல். கல்விக் கட்டணம் வாங்காது உதவித்தொகையும் தரும் மரபுடையது என்பதால் இரண்டாம் கேள்விக்கும் இங்கே நல்ல விடை உண்டு. ஆனால் இடங்கள் குறைவு. தேர்வு மிகக் கடினம். ரிசர்வ் வங்கி 1987-இல் மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் கணிதத்தை மதிக்கும் இடமே.

அடுத்தவை மத்தியப் பல்கலைக் கழகங்கள். வி.கே.ஆர்.வி. ராவ் 1949-இல் தொடங்கிய டில்லி பொருளியல் பள்ளி, ஐதராபாத், புதுச்சேரி ஆகியவற்றுக்கு முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு ஒன்றே போதும். இதில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழியும். பொருளியல் தாளில் கணிதமும் புள்ளியியலும் உண்டென்றாலும் மற்றப் பகுதிகளை நாமே படித்தாக வேண்டும். 2024, 2025 ஆண்டுகளில் இத்தேர்வு மார்ச்சு மாதத்தில் தொடங்கியது. ஆதலால் இறுதியாண்டு தொடங்கிய பின் தயாராகலாம் என்று இருந்துவிடக் கூடாது.

சென்னையில் ராஜா செல்லையா 1993-இல் நிறுவிய மெட்ராஸ் பொருளியல் பள்ளி ஊருக்கு அருகிலிருப்பது. ஆனால் கட்டணம் அரசுக் கல்லூரியைப்போலப் பன்மடங்கு. நம் அரசுக் கலைக் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் எம்.ஏ. பொருளியல் குறைந்த செலவில் கிடைக்கிறது. அங்கே கணிதப் பட்டதாரியை ஏற்பார்களா என்பதைத் தகவல் தொகுப்பில் முதலில் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு ஒரு பழைய செய்தி உதவும். சென்னைப் பல்கலைக் கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் மாணவர்களைத் தத்தம் கிராமங்களுக்கே அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னார். அவ்வாறு ஆராயப்பட்ட இருவேல்பட்டு, பின்னர் வெவ்வேறு காலங்களில் பலமுறை மீண்டும் ஆராயப்பட்டது. மால்கம் ஆதிசேசய்யா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோரும் அப்பணியில் ஈடுபட்டனர். சமன்பாடுகளை விரும்புவோர்க்கு ஓரிடம், கிராமத்தின் நிலத்தையும் கூலியையும் ஆராய விரும்புவோர்க்கு வேறோர் இடம். டில்லி ஒன்றே திசையாகாது.

சான்றிதழும் செலவும்

மாநில அரசுக்குக் காட்டும் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. பிற்பட்ட வகுப்பினர்க்கான 27 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பெற, மத்திய அரசின் படிவத்தில், முன்னேறிய பிரிவினர் அல்லர் என்ற சான்றிதழ் வேண்டும். நம் சாதி மத்தியப் பட்டியலில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்கு நாள் பிடிக்கும்.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவின் கணக்கில் இன்னும் இரண்டாண்டு படிப்பு என்பது இரண்டாண்டுச் சம்பளம் வராமற்போவது. அவர் கணக்கு தவறன்று. பொருளியலில் அதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒவ்வொரு விண்ணப்பக் கட்டணமும் அம்மாவின் நடவுக் கூலியிலிருந்து வருவது. ஆகவே பத்து இடங்களுக்குப் போடும் வசதி எனக்கில்லை. மூன்றே விண்ணப்பங்கள் என்று முடிவு செய்துள்ளேன். கடினமானாலும் செலவில்லாத புள்ளியியல் நிறுவனம் ஒன்று. ஒரே தேர்வில் பல வாசல்களைத் திறக்கும் பொது நுழைவுத் தேர்வு இரண்டு. அவை கைகூடாவிட்டால் படிப்பு நின்றுபோகாமலிருக்க, பேருந்தில் போய்வரும் தொலைவிலுள்ள அரசுக் கல்லூரி மூன்று.

இப்பட்டியலை அப்பாவிடம் காட்டியபோது, "மூணாவது இருக்கில்ல, அப்ப மத்த ரெண்டையும் எழுதிப் பாரு" என்றார்.

தோழர்களே! நமக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. நம் நூலகத்தின் பொருளியல் அடுக்கும் பொருளியல் துறைப் பேராசிரியர்களும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. மாற விரும்புவோர் இவ்வாண்டு விடுமுறையிலேயே நுண்ணினப் பொருளியல் நூல் ஒன்றைத் தொடங்குவோம். சேர்ந்து படிக்க விரும்புவோர் என்னை வகுப்பில் வந்து பார்க்கலாம்.