ஒளுவுக்கு ஆகும் தண்ணீர், குடிக்க ஆகுமா?



மதரஸாவில் நாம் படித்த முதல் சட்டமே தண்ணீரைப் பற்றியதுதான். எந்தத் தண்ணீரில் ஒளுச் செய்யலாம், எதில் கூடாது என்பதில்தான் ஃபிக்ஹு நூல்கள் தொடங்குகின்றன. ஹனஃபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள ஹவுழ் பெரிய நீர். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது சுமார் இருநூறு லிட்டர். அந்த அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும் உடனே அது அசுத்தமாகிவிடாது. ஆனால் நிறம், வாடை, ருசி மூன்றில் ஒன்று நஜீஸால் மாறிவிட்டால், ஏரியளவு நீரானாலும் அசுத்தம்தான். இதில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு இல்லை.

இந்தச் சட்டத்தைப் பள்ளிவாசல் ஹவுழைத் தாண்டி வெளியே எடுத்துச் சென்று பார்ப்பதே இம்மாதப் பாடம்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழையை நம்பித்தான் நம் ஊர் இருக்கிறது. கோமுகியும் மணிமுக்தாவும் அந்த மலையில்தான் பிறக்கின்றன. கச்சிராயபாளையம் அருகே 46 அடி கோமுகி அணையில் தேங்கும் நீர், ஆற்றின் வழியாக ஏரிகளுக்குப் போகிறது. ஏரி நிறைந்தால் கிணறும் போரும் ஊறும். மிச்ச நீர் விருத்தாசலம் பக்கம் போய், வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. நம் சமுதாய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது. நாம் மேல்மடைக்காரர்கள், அவர்கள் கடைமடைக்காரர்கள்.

மதீனாவின் மஹ்ஸூர் ஓடை விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மேலே இருப்பவர் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக்கொள்ளலாம், பிறகு கீழே இருப்பவருக்கு விட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அது நீரின் அளவைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் விட்ட தண்ணீர் குடலும் சாக்கடையும் கலந்து போனால் கீழே இருப்பவருக்கு உரிமையைக் கொடுத்ததாகுமா? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கத்தில் இதற்கு வேறு பதில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஊர் வளர்வது மகிழ்ச்சிதான். கழிவும் கூடவே வளர்கிறது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரியைக் கூப்பிடுகிறோம், பணம் கொடுக்கிறோம், அத்தோடு மறந்துவிடுகிறோம். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்பவர் குறைவு. ஓடையோரத்தில் கொட்டினால் அது அடுத்த மழையில் ஏரிக்கு வந்துவிடும்.

பிறரைச் சொல்வதற்கு முன் நம் பக்ரீதைப் பார்ப்போம். குர்பானி கொடுத்த பிறகு தோலுக்கு மதரஸாவோ அறக்கட்டளையோ உரிமையாளராக இருக்கிறது. கறிக்கு மூன்று பங்கு உண்டு. குடலுக்கும் சாணத்துக்கும் இரத்தத்துக்கும்தான் யாரும் இல்லை. கோணிப்பையில் கட்டி வாய்க்காலில் போட்டால், அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் செத்து மிதக்கும். அழுகியதில் வெளிவரும் சத்தை உண்டு ஆகாயத்தாமரை பரவும். கோழிக்கடைக் கழிவும் இப்படித்தான், அது வருடம் முழுவதும்.

அந்தக் குர்பானித் தோல் போய்ச் சேரும் இடத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு தோல் ஆலைகளில் நம் சமுதாயத்தார் பலர் முதலாளிகள், பலர் தொழிலாளிகள். அத்தொழில் பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் கட்டியது, மறுப்பதற்கில்லை. அதே தொழிலின் கழிவு பாலாற்றுப் படுகையில் கிணறுகளை உப்பாக்கி, வயல்களைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே நஷ்ட ஈட்டோடு நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் போயும் ஒரு நிலத்தடி நீர் திரும்பவில்லை. நம் ஊரில் தோல் ஆலைகள் நிறைந்த தெருக்கள் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கெட்டபின் மீட்பது எத்தனை கடினம் என்பதை அங்கிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. நிறம், வாடை, ருசி மாறாத நீர் ஒளுவுக்கு ஆகும். குடிக்க ஆகும் என்று ஃபிக்ஹு சொல்லவில்லை. கழிவிலிருந்து மண்ணில் இறங்கும் நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் வலுவை இழக்கும். நம் பெண்களுக்கு ஒரு முக்கியச் செய்தி: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் கரைக்கும் வீட்டில் போர் தண்ணீரைச் சோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

பக்ரீதுக்கு ஒரு மாதம் முன்பே முத்தவல்லியும் ஜமாஅத்தும் அறுப்பு இடத்தை ஒன்றாக்கிவிடலாம். நகரில் இருப்பவர்கள் கழிவை நகராட்சி வண்டியிடம் ஒப்படைக்க முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும். கிராமத்தில், ஏரி, ஓடை, கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளி மேட்டு நிலத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாதபடி மண் மூட வேண்டும். பெருநாள் விடுமுறையில் மேகம் அருவிக்கோ பெரியார் அருவிக்கோ பிரியாணி கட்டிக்கொண்டு போகிறவர்கள் தட்டையும் கவரையும் திரும்ப எடுத்து வரட்டும். அந்த ஓடையில் குடிப்பவர்கள் மலைவாழ் மக்கள்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்த்தால் வித்தியாசம் தெரியும்.