இரவல் நூலும் இழந்த உதவித்தொகையும்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வி ஈராண்டுகளில் முடிந்துவிடும். அக்காலத்தில் தேர்வுக்குரிய பாடங்களை மட்டும் படிப்பதா, மனம் நாடும் துறையில் ஆழ்வதா என்னும் வினா மாணவர் பலருக்கும் எழுகிறது. இவ்வினாவைத் தம் பதினேழாம் அகவையில் எதிர்கொண்டவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். பள்ளிப்பருவத்தில் அவர் பெற்றவற்றையும் அதனை அடுத்து அவர் இழந்தவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளியும் வீடும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையொன்றில் கணக்கராகப் பணியாற்றினார். குறைந்த வருவாயில் வாழ்ந்த குடும்பம் என்பதால், வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் பயின்ற மாணவர்களையும் தாயார் கோமளத்தம்மாள் வீட்டில் தங்கவைத்து உணவளித்தார்.

1897ஆம் ஆண்டு நடைபெற்ற தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுஜன் தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகிய பாடங்கள் அத்தேர்வில் இடம்பெற்றிருந்தன. இளமையில் அவர் எல்லாப் பாடங்களிலும் சிறந்து விளங்கினார் என்பதற்கு இதுவே சான்று. அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அவர், 1904 வரை அங்குப் பயின்றார்.

இரவலாக வந்த நூல்கள்

இராமானுஜனின் சிந்தனையை உருவாக்கிய நூல்கள் அவர் விலைகொடுத்து வாங்கியவை அல்ல. வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் அவர் இடையறாது வினாக்கள் தொடுத்தார். அவர்கள் அறிந்த கணிதம் அனைத்தையும் விரைவில் கற்றுக்கொண்டார். பின்னர், லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலை இரவலாகப் பெற்றுப் பதின்மூன்றாம் அகவைக்குள் கற்றுத் தேர்ந்தார். அது கல்லூரி மாணவர்களுக்குரிய நூல்.

பதினாறாம் அகவையில் மற்றொரு நூல் இரவலாக வந்தது. தேர்வு எழுதுவோருக்குத் தனிப்பயிற்சி அளித்துவந்த ஜி. எஸ். கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அது. ஏறத்தாழ 5000 கணித முடிவுகள் அதில் வரிசையாகத் தொகுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிறுவல் தரப்படவில்லை. சில இடங்களில் சிறு குறிப்புகளே இருந்தன. பிறர் குறையெனக் கருதக்கூடிய இவ்வியல்பே இராமானுஜனுக்கு வாய்ப்பாக அமைந்தது. நூலில் விடை இருந்தது, வழி இல்லை. ஆகவே, ஒவ்வொரு முடிவுக்கும் உரிய வழியைத் தாமே தேடினார். அத்தேடலின்போது நூலில் இல்லாத புதிய முடிவுகளும் அவருக்குப் புலப்பட்டன.

அந்நூல் பலரும் பயன்படுத்திய தேர்வுத் துணைநூல்தான். பிறர் அதில் விடைகளைக் கண்டனர். இராமானுஜன் வினாக்களைக் கண்டார். படிப்பவர் எவ்வாறு படிக்கிறார் என்பதைப் பொறுத்தே நூலின் பயன் அமைகிறது என்பதற்கு இது தக்க சான்று.

ஆசிரியர் அளித்த பொறுப்பு

நகர உயர்நிலைப் பள்ளியில் அக்காலத்தில் ஏறத்தாழ 1200 மாணவர்களும் 35 ஆசிரியர்களும் இருந்தனர். இத்தனை மாணவர்களையும் வகுப்புவாரியாகப் பிரித்து, ஆசிரியர்களுக்கு ஒதுக்கிக் கால அட்டவணை அமைப்பது எளிய பணியன்று. கணித ஆசிரியர் அப்பணியை மாணவராகிய இராமானுஜனிடம் ஒப்படைத்தார். அவரும் அதனைச் செவ்வனே செய்து முடித்தார்.

1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை நிறைவுசெய்தபோது, கணிதத்திற்குரிய கே. ரங்கநாத ராவ் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. முழு மதிப்பெண்ணும் இம்மாணவரின் தகுதிக்குக் குறைவே என்னும் பொருள்படத் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் அவையில் பாராட்டினார். திறமையைக் கண்டறிந்து, அதற்கேற்ற பொறுப்பை அளித்து, உரிய நேரத்தில் பாராட்டவும் செய்த ஆசிரியர்கள் அப்பள்ளியில் இருந்தனர்.

கைநழுவிய உதவித்தொகை

பள்ளியில் பெற்ற சிறப்பால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் பயிலும் வாய்ப்பு இராமானுஜனுக்குக் கிட்டியது. ஆனால், கணிதத்தில் கொண்ட ஈடுபாடு அவரைப் பிற பாடங்களிலிருந்து முற்றிலும் விலக்கியது. மற்ற வகுப்புகளிலும் அவர் கணிதமே செய்துகொண்டிருந்தார். ஆங்கிலப் பாடத்தில் தேர்ச்சி பெறாமையால் உதவித்தொகை நின்றது. கட்டணம் செலுத்தும் வசதி குடும்பத்திற்கு இல்லை. மனமுடைந்த இராமானுஜன் 1905ஆம் ஆண்டு வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார்.

பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் உடல்நலக் குறைவும் பழைய இடர்ப்பாடும் தொடர்ந்தன. கணிதத்தில் சிறந்து விளங்கியும், பிற பாடங்களில் தவறியதால் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேர்ச்சி பெற இயலவில்லை. ஒரு பாடத்தில் ஒப்பற்ற திறன் கொண்டவருக்கும் அக்காலத் தேர்வுமுறை விலக்கு அளிக்கவில்லை. பட்டம் இன்மையால் வேலையும் கிட்டவில்லை. தாளின் விலை மிகுதியால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளில் எழுதிவைத்த வறுமைக்காலம் அது.

1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவரை உலகுக்கு அடையாளம் காட்டியது. அவ்வாண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் தவறினாரோ, அதே பல்கலைக்கழகமே அவரை ஆய்வாளராக ஏற்றது. ஆயினும், பள்ளியை விட்டு வெளியேறியதற்கும் இவ்வுதவித்தொகைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் 32ஆம் அகவையிலேயே மறைந்தார் என்பதை எண்ணும்போது, அவ்வொன்பது ஆண்டுகளின் அருமை புலனாகும்.

தெரிந்து தெளிவோம்

இராமானுஜன் 1916ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆய்வின் வழியே பட்டம் பெற்றார். 1918ஆம் ஆண்டு இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். அவர் பிறந்த நாளாகிய டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மொழியின் தேவை

1911ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அவருடைய கருத்துகள் புதியவை. ஆனால், எடுத்துரைத்த முறை தெளிவற்றிருந்தது. இதழாசிரியர் கட்டுரையைப் பன்முறை திருப்பி அனுப்பித் திருத்தம் பெற வேண்டியிருந்தது. ஹார்டிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதற்கும் நண்பர்களின் துணை தேவைப்பட்டது. கண்டறிவது ஓர் ஆற்றல். கண்டறிந்ததைப் பிறர் உணருமாறு எழுதுவது மற்றோர் ஆற்றல். தமக்குத் தேவையில்லை என அவர் ஒதுக்கிய மொழிப்பாடம், பின்னாளில் கணிதத்திற்கே தேவைப்பட்டது.

பள்ளி தருவதும் மாணவர் பெறுவதும்

மேதைகளுக்குத் தேர்வு தேவையில்லை என்பாரும், தேர்வைத் தவிர வேறெதுவும் தேவையில்லை என்பாரும் தத்தம் கூற்றுக்கு இராமானுஜனைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவர் வாழ்க்கை இவ்விரண்டுக்கும் சான்றாகாது. பாடத்திட்டத்தில் இல்லாத நூலை நாடியிராவிடில் உலகம் இராமானுஜனைப் பெற்றிராது. பாடத்திட்டத்தில் இருந்தவற்றை ஓரளவேனும் கற்றிருந்தால், அவர் வறுமையில் அலைந்த ஆண்டுகள் குறைந்திருக்கலாம்.

இன்றைய மேல்நிலைப் பொதுத்தேர்விலும் ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் பெற்றாலன்றித் தேர்ச்சியில்லை. விரும்பாத பாடத்திற்குச் செலவிடும் நேரம் விரும்பும் துறைக்கான வாயிலைத் திறந்துவைக்கிறது. அதே வேளையில், நூலகத்தில் எவரும் எடுக்காத நூலும், வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் கேட்கும் வினாவும் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவற்றைப் பள்ளி தானாகக் கொண்டுவந்து தருவதில்லை. மாணவரே கேட்டுப் பெற வேண்டும். பள்ளி வாழ்வு முடிந்தபின் இவ்வளவு ஆசிரியர்களும் நண்பர்களும் நூல்களும் ஓரிடத்தில் கட்டணமின்றிக் கிடைப்பது அரிது.

இரவல் நூலைத் திருப்பித் தரவேண்டிய நாள் உண்டு. பள்ளிப்பருவமும் அத்தகையதே. கையில் இருக்கும்போதே அதனைக் கற்றுக்கொள்பவர் பேறுபெற்றவர்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி நூலகத்திலிருந்து பாடத்திட்டத்தில் இல்லாத நூலொன்றை எடுத்துப் படித்து, அது எழுப்பிய மூன்று வினாக்களை எழுதுக.

2. 'விருப்பப் பாடமும் பிற பாடங்களும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செல்லும் மாணவர் ஒருவரிடம், பள்ளியில் அவர் தவறவிட்டதாக எண்ணும் வாய்ப்பு எதுவெனக் கேட்டறிந்து ஒரு பத்தியில் எழுதுக.