கடையில் பெரிய மீன் தொட்டி: தாங்கி செய்யும் முன் கவனிக்க வேண்டியவை



நம் அங்காடிகளில் மீன் தொட்டி வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. ஜவுளிக் கடை, நகைக் கடை, பாத்திரக் கடை, ஏன், மளிகை மண்டியின் முன்கூடத்தில்கூட இன்று நான்கடித் தொட்டியைக் காண்கிறோம். வாஸ்துவுக்காக வைப்போர் உண்டு. குழந்தைகளோடு வரும் வாடிக்கையாளர் சற்று நேரம் நிற்பார்கள் என்று வைப்போரும் உண்டு. இரண்டும் அவரவர் விருப்பம். ஆனால் தொட்டிக்குச் செலவிடும் அக்கறையை அதைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு நாம் காட்டுவதில்லை. கொளத்தூருக்குப் போய்த் தொட்டியையும் மீனையும் பார்த்துப் பார்த்து வாங்கி வருகிறோம். ஸ்டாண்டை மட்டும் கிடங்கில் கிடக்கும் பழைய மரத்தையும் ஆங்கிளையும் வைத்து ஒரே நாளில் முடித்துவிடச் சொல்கிறோம்.

ஸ்டாண்டைச் சொந்தமாகச் செய்துகொள்வதில் தவறில்லை. கணக்குப் பார்த்துச் செய்தால் கடையில் வாங்குவதைவிட உறுதியாகவே அமையும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடைக் கணக்கு

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 255 லிட்டர். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தி, கூழாங்கல் அடைக்கும் இடத்தையும் கழித்தால், நீர் சுமார் 215 லிட்டர், அதாவது 215 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சுமார் 50 கிலோ. அடியில் பரப்பும் கல் 35 கிலோ. மூடி, விளக்கு, ஃபில்டர் எல்லாம் 10 கிலோ. ஸ்டாண்டு 40 கிலோ. கூட்டினால் 350 கிலோ.

நம் பாஷையில் சொன்னால் 50 கிலோ சர்க்கரை மூட்டை ஏழு. அந்த ஏழும் நிற்பது 6 சதுர அடியில். ஏறக்குறைய ஒரு மூட்டை படுக்கும் இடத்தில் ஏழு மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்குச் சமம். கிடங்குச் சரக்கு வரும், போகும். இந்தச் சரக்கோ ஆண்டுக்கணக்கில் நகராமல் அதே இடத்தில் நிற்கும்.

எங்கே வைப்பது?

தரைத்தளம்தான் நல்லது. மாடியில் வைக்க விரும்புவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடங்களுக்கான ஐ.எஸ். 875 விதி, குடியிருப்பு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவும், சில்லறைக் கடைத் தளத்துக்குச் சுமார் 400 கிலோவும் தாங்குமாறு கணக்கிடச் சொல்கிறது. நமது தொட்டி தன் அடியில் உள்ள இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. சுற்றிலும் காலியிடம் இருந்தால் தளம் அதைப் பகிர்ந்துகொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் வீடாகக் கட்டிப் பிறகு கடையாக மாற்றிய மாடிகள் நம்மிடம் அநேகம். அங்கே பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. வைத்தாலும் அறையின் நடுவில் வேண்டாம், பாரம் தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள்.

பரண்மேலும், கண்ணாடி கவுன்டர்மேலும், துணி மடிக்கும் மேசைமேலும் வைக்கவே கூடாது. ஷட்டரை ஏற்றி இறக்கும் அதிர்வு படும் இடம், வெயில் நேரே விழும் இடம், மின் பலகையின் அடி ஆகியவையும் ஆகாது.

நசுங்குவதா, சாய்வதா?

இனிதான் முக்கியமான விஷயம். கிடங்கில் அட்டி போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அட்டி சரியும்போது அடி மூட்டை நசுங்கியா சரிகிறது? இல்லை, பக்கவாட்டில் சாய்ந்துதான் சரிகிறது. அதனால்தான் மூட்டைகளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றிப் பூட்டி அடுக்குகிறோம்.

மீன் தொட்டி ஸ்டாண்டும் அப்படியே. மூன்றுக்கு இரண்டு அங்குல மரக்கால் நேராக நின்றால் தன் பங்கான 90 கிலோவை எளிதாகத் தாங்கும். அந்தக் கால் செங்குத்திலிருந்து சாயத் தொடங்கினால்தான் ஆபத்து. மேலே இருக்கும் 300 கிலோ அந்தச் சாய்வை மேலும் மேலும் தள்ளும். ஆணியும் போல்ட்டும் தளரும். ஒரு வாடிக்கையாளர் தோளைச் சாய்த்தாலும், ஒரு குழந்தை விளிம்பைப் பிடித்துத் தொங்கினாலும் போதும், எல்லாம் சேர்ந்து விழும். ஆகவே 'எடை தாங்குமா?' என்று மட்டும் தச்சரைக் கேட்காதீர்கள். 'ஆடுமா?' என்றும் கேளுங்கள்.

ஆடாமல் இருக்கச் செய்ய வேண்டியவை:

1. மேல்சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். கால்களின் பக்கத்தில் வைத்து ஆணியோ திருகோ அடித்தால் முழு எடையும் அந்த ஆணியில்தான் தொங்கும்.

2. நான்கு மூலைக் கால்களோடு நடுவிலும் முன்னும் பின்னுமாக இரண்டு கால் கொடுங்கள்.

3. கால்களை அடியில் ஒரு சட்டத்தால் இணையுங்கள். தனித்தனிக் கால்கள் டைல்ஸில் ஊன்றினால், அடியில் வெற்றிடம் உள்ள கல் விரிசல் விடும்.

4. பின்புறம் முழுவதும் 12 மி.மீ. பிளைவுட் வைத்துச் சுற்றிலும் திருகு முடுக்குங்கள். அல்லது பின்னும் இரு பக்கமும் குறுக்குச் சட்டம் கொடுங்கள். சாய்வைத் தடுப்பது இதுதான்.

5. மேல்பலகைக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நீர் பட்டால் ஊதிப் பொடியாகும்.

6. இரும்பு என்றால் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயைப் பற்றவைத்து, துருப்பிடிக்காத பூச்சு அடிப்பது நலம். துளை போட்ட ஆங்கிளில் போல்ட் முடுக்கிய ரேக், சரக்கு வைக்கச் சரி. குறுக்குச் சட்டம் இல்லாமல் தொட்டிக்கு ஆகாது.

7. உயரம் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். பின்புறத்தைச் சுவரோடு கிளாம்பு போட்டுப் பிணைத்துவிடுங்கள்.

செய்து முடித்ததும், தொட்டியை ஏற்றும் முன், மேல் மூலையில் கை வைத்துப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். வெறும் ஸ்டாண்டு அசைந்தால், அதில் தொட்டியை ஏற்றாதீர்கள்.

மட்டம்

கொத்தனாரின் ரசமட்டத்தை நீளத்திலும் அகலத்திலும், மூலைக்கு மூலையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் கண்ணாடி முறுக்கப்படும். விரிசலுக்கும் ஒட்டு விடுவதற்கும் அது பெரிய காரணம். தாழ்ந்த பக்கத்துக்குத் தகடு வைப்பதானால் ஸ்டாண்டின் அடியில் வையுங்கள், கண்ணாடியின் அடியில் எதையும் செருகக் கூடாது. அடிக்கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையே அரை அங்குலத் தெர்மோகோல் விரியுங்கள். ஒரு மணல் பருக்கை மேடு கூடக் கண்ணாடியைக் குத்தாமல் அது காக்கும். ஆனால் கோணிய ஸ்டாண்டை அது நிமிர்த்தாது.

நீர் நிரப்புதல்

முன்கண்ணாடியை நீர் தள்ளும் விசை நமது தொட்டியில் சுமார் 100 கிலோ. நீரின் உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே கண்ணாடியின் கனத்தை முக்கியமாகத் தொட்டியின் உயரம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

புதிதாக ஒட்டிய தொட்டியை ஒரு வாரம் காயவிடுங்கள். முதலில் சரக்கில்லாத இடத்தில் நீர் நிரப்பிக் கசிவு பார்த்து, முழுவதும் வடித்த பிறகே கடைக்குள் கொண்டு வாருங்கள். உள்ளே மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பாதி, அடுத்து முழுவதும். ஒவ்வொரு முறையும் நீர்க்கோடு கண்ணாடி விளிம்புக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். மேலும் இரண்டு நாள் கழித்துத்தான் மீன் விட வேண்டும். நீரோடு இருக்கும் தொட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது.

மின்சாரம்

தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேற வேண்டும். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. காற்று மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்வெட்டின்போது நீர் குழாய் வழியே திரும்பி மோட்டாருக்குள் இறங்கும். இரும்பு ஸ்டாண்டுக்கு எர்த் கொடுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைப்பது வழக்கமாகட்டும்.

ஸ்டாண்டின் அடியில் கணக்குப் புத்தகமோ துணியோ சர்க்கரையோ வைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து மூலைகளில் ஈரம், துரு, கறையான், ஊதிய பலகை உண்டா என்று பாருங்கள்.

2022 டிசம்பர் 16 அன்று ஜெர்மனியின் பெர்லின் நகர ஓட்டல் ஒன்றின் கூடத்தில் இருந்த, சுமார் 10 லட்சம் லிட்டர் கொண்ட பெரிய மீன் தொட்டி வெடித்துச் சிதறியது. விடியற்காலையாக இருந்ததால் கூடத்தில் கூட்டம் இல்லை. அப்படியும் இருவர் காயமடைந்தார்கள். நமது தொட்டி அதற்கு முன் ஒரு குவளை. ஆனால் நம் கடையில் அதன் முன்னால் நிற்பது குழந்தைகள், அதுவும் கூட்டம் நிறைந்த மாலை வேளையில். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்கும் அந்தக் குழந்தை நம் கடையை நம்பித்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்காக இன்னொரு குறுக்குச் சட்டம் போடுவது வீண் செலவல்ல.