தன்னார்வ உழைப்பும் கூட்டுக் கட்டுப்பாடும்

தொழிற்சாலையில் ஒழுங்கு குலைந்தால் நிர்வாகம் ஊதியத்தைப் பிடித்தம் செய்யலாம், பதவி உயர்வை நிறுத்தலாம், வேலையிலிருந்தே நீக்கலாம். ஊதியமே இல்லாத இடத்தில், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பல நாட்டினர் கூடி உழைக்குமிடத்தில், ஒழுங்கை நிலைநாட்டுவது எங்ஙனம்? கட்டற்ற மென்பொருளை உருவாக்கிவரும் தன்னார்வச் சமூகங்கள் இவ்வினாவை நாள்தோறும் எதிர்கொள்கின்றன. அவற்றுள் ‘டெபியன்’ திட்டத்தின் அனுபவம் ஆராயத்தக்கது.

1993-இல் இயான் முர்டாக் தொடங்கிய இத்திட்டத்தில் இன்று ஏறத்தாழ 1,000 உறுப்பினர்கள் பணியாற்றுகின்றனர். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க முறைமை டெபியனை அடிப்படையாகக் கொண்டது. மைய அரசும் 2015-இல் அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவதற்கான கொள்கையை வெளியிட்டது. ஆகவே இத்தகைய சமூகங்களில் எழும் பூசல் நமக்குத் தொடர்பற்ற ஒன்றன்று.

அதிகாரத்தின் எல்லை

டெபியன் 1997-இல் சமூக ஒப்பந்தம் ஒன்றையும், 1998-இல் அமைப்புச் சாசனம் ஒன்றையும் ஏற்றது. சாசனத்தின் அடிப்படை விதி எளியது. எவரையும் எப்பணியையும் செய்யுமாறு கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுக்கு எதிராக எவரும் செயல்படலாகாது. உழைக்க மறுக்கும் உரிமை உண்டு. பிறர் உழைப்பைத் தடுக்கும் உரிமை இல்லை.

திட்டத் தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். தொழில்நுட்பப் பிணக்குகளைத் தீர்க்க, 8 பேருக்கு மிகாத குழு ஒன்று உள்ளது. பிற வழிகள் பயனற்றுப்போன பின்னரே இக்குழு தலையிட வேண்டும். ஓர் உறுப்பினரின் முடிவை மாற்ற, குழுவில் 3-க்கு 1 என்ற பெரும்பான்மை தேவை. குழுவின் முடிவையே உறுப்பினர்கள் பொது வாக்கெடுப்பின்வழி 2-க்கு 1 என்ற பெரும்பான்மையுடன் மாற்றலாம். உழைப்பவரின் உரிமைக்கும் பொதுநலனுக்கும் இடையிலான சமநிலை இவ்விகிதங்களில் அமைந்துள்ளது.

தரக் கட்டுப்பாடும் நடத்தை விதியும்

தரத்தை நிலைநாட்டுவதில் இச்சமூகம் ஆளையும் பணியையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. மென்பொருள் தொகுப்பு ஒவ்வொன்றும் நிறைவேற்ற வேண்டிய கட்டாய விதிகள் கையேடாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றை மீறும் தொகுப்பு திருத்தப்படாவிடில் அடுத்த வெளியீட்டில் இடம்பெறாமல் நீக்கப்படலாம். உருவாக்கியவர் எவராயினும் அளவுகோல் ஒன்றே. அவருக்குத் தண்டனை ஏதும் இல்லை.

நடத்தை பற்றிய விதிகள் 2014-இல் வாக்கெடுப்பின் மூலம் ஏற்கப்பட்டன. முறையீடுகள் தனிப்பட்ட முறையில் பெறப்படுகின்றன. கடுமையாகவோ தொடர்ந்தோ விதி மீறுவோர் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ விலக்கி வைக்கப்படலாம்.

2014-ஆம் ஆண்டின் சோதனை

கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போது பிற நிரல்களை எழுப்பி மேற்பார்வையிடும் அடிப்படை நிரலாக எதனைக் கொள்வது என்ற பிணக்கு இவ்வமைப்பைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு எனப் பிரிந்தது. தலைவரின் முடிவு வாக்கினால் ‘சிஸ்டம்டி’ தேர்வாயிற்று. நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில், இது குறித்துத் தனித் தீர்மானம் தேவையில்லை என்று உறுப்பினர்கள் முடிவு செய்தனர். அம்மாதத்திலேயே குழுவின் மூவர் பதவி விலகினர். மாற்றுக் கருத்துடையோர் சிலர் ‘தேவுவான்’ என்ற தனித் திட்டத்தைத் தொடங்கி, 2017-இல் அதன் முதல் நிலையான பதிப்பை வெளியிட்டனர். டிசம்பரில் குழு உறுப்பினர்களின் பதவிக்குக் காலவரையறை விதிக்கப்பட்டது.

முடிவு விதிப்படி சரியானதே. எனினும் விதி மட்டும் மனக்கசப்பைப் போக்கவில்லை. அனுபவமிக்க ஒருவர் விலகும்போது ஏற்படும் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. எஞ்சியோரின் சுமை மட்டும் கூடுகிறது.

பொருளியல் நோக்கு

அமைப்பில் மனக்குறை கொண்டோர் குரல் எழுப்பலாம், அல்லது வெளியேறலாம் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் விளக்கினார். கட்டற்ற மென்பொருளில் வெளியேறுபவர் மூல நிரலையும் உடன் கொண்டு செல்லலாம். உரிமமே அதற்கு இடமளிக்கிறது. எனவே பெரும்பான்மையினர் சிறுபான்மையினரைப் புறக்கணிக்க இயலாது. பிரிந்து செல்வோரும் முழுச் சுமையைத் தாமே தாங்க வேண்டுமாதலால், எளிதில் பிரிவதில்லை.

பொதுவளங்களைக் காக்கும் மக்கள் அமைப்புகளை ஆராய்ந்து 2009-இல் நோபெல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நிலைக்கும் அமைப்புகளின் பண்புகளைத் தொகுத்தார். விதிக்கு உட்பட்டோரே விதியை வகுப்பதில் பங்கு பெறுதல், குற்றத்திற்கேற்பப் படிப்படியாக உயரும் தண்டனை, குறைந்த செலவில் பிணக்குத் தீர்க்கும் வழி ஆகியன அவற்றுள் சில. பாசனக் கால்வாய்களில் கண்ட இவ்வுண்மை கணிப்பொறி நிரல்களுக்கும் பொருந்துகிறது.

கூட்டுறவுச் சங்கங்களையும் பாசனதாரர் சங்கங்களையும் மேற்பார்வையிடும் அலுவலர்கள் இங்கிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. பூசல் எழுந்தபின் விதி வகுக்க முனைந்தால், அவ்விதி ஒரு சாராரின் ஆயுதமாகவே கருதப்படும். அமைதி நிலவும் காலத்தில், அனைவரும் கூடி வகுத்த விதிக்கே பூசல் காலத்தில் மதிப்பு உண்டு.