கதைக்கப் பிந்தும் பிள்ளை



பருவம் தவறி நட்ட வெங்காயம் எவ்வளவு இறைத்தாலும் முழு விளைச்சல் தராது. பிள்ளையின் பேச்சுக்கும் பருவம் உண்டு. முதல் ஐந்து வருடங்கள் அதில் மிக முக்கியமானவை.

இடம்பெயர்ந்து தொண்டைமானாற்றில் இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மகனுக்கு மூன்று வயது. "அம்மா", "தா" என்ற இரு சொற்களே வரும். "இவன்ர தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன், பொறு பிள்ளை" என்கிறார் அப்பம்மா. தாயும் பொறுக்கிறார். குத்தகைக் காணி, கூலிவேலை என்று இன்னொரு வருடம் போய்விடுகிறது. இப்படிப் பொறுத்திருப்பது சரியா?

எப்போது உதவி தேடவேண்டும்?

1. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதபோது.
2. இரண்டு வயதாகியும் "அம்மா வா" என இரு சொற்களைச் சேர்க்காதபோது.
3. மூன்று வயதிலும் பேச்சு வீட்டாருக்கே விளங்காதபோது.
4. கதைத்த பிள்ளை, எந்த வயதிலாவது, கதைப்பதை நிறுத்தும்போது.

முதலில் காதைச் சோதிப்பியுங்கள். காதில் சீழ் வடிவதும் குண்டுவெடிப்பின் அதிர்வும் கேட்கும் திறனைக் குறைக்கலாம். கேளாத ஒலியைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் எங்கே போவதென்று வழிகாட்டுவார்.

பல்கலைக்கழகம் என்ன செய்யலாம்?

இலங்கையில் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றும் கல்வி 1997 இல் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தில் தொடங்கியது. பின்னர் அது பட்டப்படிப்பாக வளர்ந்தது. ஆயினும் தமிழில் சிகிச்சை செய்யக்கூடியோர் சிலரே. தமிழ்ப் பிள்ளையின் பேச்சைத் தமிழ் தெரிந்தவரே சரிவர மதிப்பிட முடியும்.

ஆகவே பாடசாலையும் பல்கலைக்கழகமும் கைகோர்க்கவேண்டும். பயிலும் மாணவருக்குச் செயல்முறைப் பயிற்சி தேவை. எமது பிள்ளைகளுக்குச் சிகிச்சை தேவை. மாணவர் தம் ஆசிரியரின் மேற்பார்வையில் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிப்பர். வகுப்பாசிரியர் அவர்கள் காட்டும் பயிற்சியைக் கிழமைதோறும் தொடர்வார். தாய் தகப்பன் நாள்தோறும் வீட்டில் செய்வர். மூவரில் ஒருவர் விட்டாலும் பயன் குறையும். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையின் அனுபவமும் எமது குடாநாட்டிலேயே உண்டு.

வீட்டில் இன்றே தொடங்கக்கூடியவை

இறைக்கும்போதும் களை பிடுங்கும்போதும் பொருட்களின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். பிள்ளை "தண்ணி" என்றால் "குளிர் தண்ணி" என்று கூட்டிச் சொல்லுங்கள். மறுமொழிக்குச் சற்றுப் பொறுத்திருங்கள். பிழையாகச் சொன்னால் சிரிக்கவேண்டாம்.

கூடிக் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் கதைக்கப் பிந்தும் பிள்ளைகள் எத்தனை பேர்?
2. அவர்களுக்காக அதிபரிடம் யார் போய்க் கதைப்பது? எந்த நாளில்?