ஈயக்கோடு கிளையாகும் இடம்

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. பார்சிலோனாவின் ‘பலாவ் தெ லா மூசிகா கத்தலானா’ என்ற இசை அரங்கின் கண்ணாடிக் கூரை. நடுவில் பொன்னிறச் சூரியன், சுற்றிலும் நீலம். “அழகாத்தான் இருக்கு மாமா, ஆனா கண்ணாடியில பெயின்ட் அடிச்சா யாருக்கும் வருமே?” என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். பெரியவர்களிலும் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை செய். உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்துப் பார். பிறகு அதையே ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடி. மேசையில் மங்கிக் கிடந்த துண்டுக்கு அப்போதுதான் உயிர் வரும். நிறம் அதன் மேலே பூசியதல்ல. கண்ணாடி உருகிக் குழம்பாக இருக்கும்போதே உள்ளே கலந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களிலும் அதேதான். கோபால்ட் சேர்த்தால் நீலம். மிகமிகக் கொஞ்சம் தங்கம் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பு. தாமிரம் பச்சையும் தரும், சூளையில் காற்றைக் குறைத்தால் சிவப்பும் தரும். மஞ்சளுக்கு வேறொரு வழியும் இருக்கிறது: வெள்ளி கலந்த பூச்சைக் கண்ணாடியில் தடவிச் சுட்டால் அது உள்ளே இறங்கி மஞ்சளாகிவிடும். ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வித்தை உண்டு. கண், மூக்கு, துணி மடிப்பு போன்ற நுணுக்கங்களைத் தூரிகையால் தீட்டுவதும் உண்டுதான். அதையும் சூளையில் சுட்டால்தான் நிற்கும்.

நிறம் கிடைத்துவிட்டது. இனி வெட்ட வேண்டும். சிரமம் இங்கேதான்.

கண்ணாடிக் கடையில் வெட்டுவதைப் பார்த்திருப்பாய். கண்ணாடியை உண்மையில் யாரும் வெட்டுவதில்லை. கீறிவிட்டு, தட்டி முறிக்கிறார்கள். நேர்கோடு சுலபம். வெளியே புடைத்த வளைவும் பொறுமையாகச் செய்தால் வரும். உள்ளே குடைந்து போகும் ஆழமான வளைவுதான் வம்பு. கீறலை மதிக்காமல் விரிசல் தன் இஷ்டத்துக்குக் குறுக்கே ஓடிவிடும். அதனால் அந்த இடத்தில் ஒரே துண்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துத்தான் ஆகவேண்டும். பிரித்த துண்டுகளை, இருபக்கமும் பள்ளம் உள்ள ஈயப்பட்டையில் செருகி, பட்டைகள் சந்திக்கும் இடங்களைப் பற்றவைத்து, இடுக்குகளில் பட்டி அடைப்பார்கள். ஆக, துண்டு முடிகிற இடத்திலெல்லாம் ஒரு கறுப்புக் கோடு வந்தே தீரும்.

அந்தக் கோட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒருவர் கன்னத்தின் குறுக்கே ஓடினால் தழும்புபோல இருக்கும். ஆனால் பூவும் கொடியும் வரைந்தால் கதையே வேறு. காம்பு ஒரு கோடு, கிளை ஒரு கோடு, இலையின் நடுநரம்பு ஒரு கோடு. ஈயம் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டே கிளையாகவும் நின்றுவிடும். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிக் கலைஞர்கள் செடிகொடிகளில் இறங்கியதற்குக் காலத்தின் ரசனை ஒரு காரணம். ஜப்பானிய ஓவியங்களின் தாக்கம் இன்னொன்று. இந்தக் கோட்டுப் பொருத்தமும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

நியூயார்க்கில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி இதில் ஒரு படி மேலே போனார். தூரிகையைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியையே பூவாக்கப் பார்த்தார். மக்னோலியா மலரின் தடித்த இதழ் வேண்டுமென்றால், சூடாக இருக்கும் கண்ணாடியை மடிப்பு விழும்படி தள்ளிச் சுருக்கி, அந்த மடிப்பையே இதழாக்கினார்கள். தொலைவில் தெரியும் இலைக்கூட்டத்துக்கு, பல நிறக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த தகடு. விளிம்புகளில் ஈயத்துக்குப் பதில் மெல்லிய செப்புத்தாளைச் சுற்றிப் பற்றவைத்ததால், சின்னச் சின்னத் துண்டுகளும் முடிபோன்ற கோடுகளும் சாத்தியமாயின.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். அந்த அரங்கை எந்த ராஜாவும் கட்டவில்லை. 1891இல் தொடங்கிய ‘ஓர்ஃபெயோ கத்தலா’ என்ற பாடகர் குழு, நிதி திரட்டித் தனக்கென்று கட்டிக்கொண்டது. கட்டடக் கலைஞர் லூயிஸ் டொமெனெக் இ மொண்டனேர். 1905இல் தொடங்கிய வேலை 1908இல் முடிந்தது. கிடைத்த மனையோ சந்துபொந்துகளுக்கு நடுவே, நெருக்கியடித்த இடம். அங்கே வெளிச்சத்துக்கு எங்கே போவது? அவர் இரும்புச் சட்டங்களை நிறுத்திக் கட்டடத்தின் பாரத்தை அவற்றின்மேல் போட்டார். சுவருக்குச் சுமக்க வேலை இல்லாமல் போனதும், அந்த இடத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டார். பகலில் விளக்கே இல்லாமல் அரங்கு நிறைய வெளிச்சம்!

கூரைக் கண்ணாடி அந்தோனி ரிகால்ட்டின் கைவண்ணம். உன் படத்தில் தட்டையாகத் தெரிகிறதே, அது தட்டை இல்லை. கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்த கும்பம் அது. சூரியன் இருக்கும் நடுப்பகுதி அரங்குக்குள் இறங்கித் தொங்குகிறது. தேன் நிறமும் பொன்னிறமும் நடுவில் திரண்டு, வெளியே போகப்போக நீலத்தில் கரைகின்றன. நீல வட்டத்தில் பெண் முகங்கள், பாடகர் குழுபோல. சுற்றியுள்ள விதானத்தில் வரிசை வரிசையாகப் பீங்கான் ரோஜாக்கள், பக்கத்து ஜன்னல்களில் பூச்சரங்கள். கொஞ்சம் அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன். மேடையில் சுவரிலிருந்து எட்டிப்பார்க்கும் இசைக்கருவிப் பெண்கள்மீது எனக்குப் பெரிய மோகம் இல்லை. ஆனால் பக்க ஜன்னல்களைக் கவனி. மேலே சூரியன் அத்தனை அடர்த்தியாக இருக்க, இங்கே கண்ணாடி பெரும்பாலும் வெளிர்நிறம். எல்லாவற்றையும் கருநீலமும் சிவப்புமாக நிரப்பியிருந்தால் உள்ளே இருட்டிவிடும், பாடகர் கையில் இருக்கும் தாள் தெரியாது. எங்கே நிறத்தை அடக்க வேண்டும் என்பதும் இந்தத் தொழிலில் பாதி.

இன்னொன்று. 1980களில் ஒஸ்கார் டுஸ்கெட்ஸ் இந்த அரங்கைப் புதுப்பித்தபோது, ஒட்டி நின்ற தேவாலயத்தின் ஒரு பகுதியை இடித்து அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். கண்ணாடியைத் தொடாமலே ஜன்னலின் தோற்றத்தை மாற்ற ஒரு வழி, எதிரே நிற்கும் சுவரை நகர்த்துவது.

என்றாவது பார்க்கப் போனால் பகலில் போ. முடிந்தால் மேகம் வந்துபோகும் நாளாகப் பார்த்துப் போ. ஒரே இடத்தில் உட்கார்ந்து அந்தப் பொன்னிறம் மங்குவதையும் ஏறுவதையும் கவனி. புகைப்படத்தில் வராதது அதுதான். இரவில் தெருவில் நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழ்: உள்விளக்கின் வெளிச்சம் வெளியே வரும், ஜன்னல் பூக்கள் தெருவுக்குச் சொந்தமாகும்.

அடுத்த கடிதத்தோடு ஒரு செம்பருத்தி வரைந்து அனுப்பு. ஒரு விதிதான்: ஒவ்வொரு நிறத் துண்டைச் சுற்றியும் கறுப்புக் கோடு இருக்க வேண்டும், எந்தக் கோடும் அந்தரத்தில் முடியக்கூடாது. எந்தத் துண்டு வெட்டும்போது முறியும் என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா