பச்சிளங்குழந்தைக்குப் பால் புகட்டும் குழாய்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



ரமளானில் சேர்ந்த ஸதகா தொகையில் ஒரு பகுதியைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொருளாகக் கொடுப்பதென முடிவு செய்தோம். படாளத்திலிருந்து பிரசவத்துக்காகச் செங்கல்பட்டு போய்வராத குடும்பம் நம்மில் குறைவு. பட்டியலில் முதலில் இருந்தது மூக்கு வழியாகப் பால் புகட்டும் மெல்லிய குழாய். விலை குறைந்ததையே வாங்க இருந்தோம். குழந்தை மருத்துவர் ஒருவர்தான், "உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். அதன்பின் படித்தறிந்ததைச் சொல்கிறோம்.

பி.வி.சி. இயல்பில் கெட்டியான பொருள். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதுதான். அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். மருத்துவக் குழாய்களிலும் பைகளிலும் நெடுங்காலமாகச் சேர்த்து வந்தது டி.இ.எச்.பி. பொருளின் எடையில் 30, 40 சதவீதம்கூட இருக்கும். பிளாஸ்டிக்கோடு அது இறுகப் பிணைவதில்லை. பால், இரத்தம், நரம்பு வழி ஏற்றும் கொழுப்புச் சத்து போன்றவை பட்டால் மெல்லக் கசிந்து வெளிவரும். சில நாள் உள்ளே இருந்த பி.வி.சி. குழாய் விறைத்துப்போவது இதனால்தான்.

பெரியவர்களைவிடக் குறைமாதக் குழந்தைக்குக் கவலை அதிகம். ஒரு கிலோ எடையுள்ள உடலில் ஒரே நேரத்தில் பல குழாய்கள் இருக்கும்; ஈரலும் முதிர்ந்திருக்காது. விலங்கு ஆய்வுகளில் ஆண் குட்டிகளின் விதைப்பை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. ஆகவே 2002லேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஆண் சிசுக்களுக்கு மாற்றுப் பொருட்களைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. பிரான்ஸ் நாடு 2015 ஜூலை முதல் பிரசவ, சிசு, குழந்தைகள் பிரிவுகளில் இந்த ரசாயனம் கலந்த குழாய்களையே தடை செய்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவமனையில் குழாய் வேண்டாம் என்று மறுத்துவிடக் கூடாது. பால் புகட்டாமல் விட்டால் வரும் ஆபத்து உடனடியானது. அந்த அமெரிக்க அறிவிப்பும் தேவையான சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது என்றே சொன்னது. தேர்வு செய்யும் பொறுப்பு வாங்குகிறவர்களுடையது. இம்முறை அது நம்முடையது.

மாற்று இல்லாமல் இல்லை. சிலிக்கோன், பாலியூரித்தேன் குழாய்களுக்கு இந்த மென்மையாக்கி தேவையில்லை, பி.வி.சி. குழாயைவிட அதிக நாள் உள்ளே வைக்கவும் முடியும். பி.வி.சி.யிலேயே டி.இ.எச்.பி.க்குப் பதிலாக, குறைவாகக் கசியும் டி.ஓ.டி.எம். போன்றவற்றைச் சேர்த்தும் செய்கிறார்கள். இரத்தப் பை மட்டும் சிக்கலானது: சிவப்பணுக்கள் சிதையாமல் இருக்க அதே டி.இ.எச்.பி. உதவுவதால் அங்கே மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது.

நல்ல குழாய்க்கு விலை கூடுதல். அதே தொகைக்கு எண்ணிக்கை குறையும் என்று நம் நிர்வாகிகளில் ஒருவர் ஆட்சேபித்தார். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் கொடுத்ததை நாம் நம் பேரப்பிள்ளைக்குப் போடுவோமா என்று கேட்டபோது எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்த அளவுக் குழாய் அதிகம் தேவை என்பதைப் பிரிவின் செவிலியரிடம் எழுதி வாங்கியபின், உறையில் 'டி.இ.எச்.பி. இல்லை' என்று அச்சிட்டதை மட்டுமே, இன்ஷா அல்லாஹ், வாங்குவோம். ரசீதும் ஒரு காலி உறையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இருக்கும்.